கதவுக்கும் யன்னலுக்கும் எந்த நிறம்? வெளிப்புற மரவேலைகளுக்குப் பெயின்றும் மரச்சாயமும்

சுவர் எழும்பிவிட்டது. கூரை போட்டாயிற்று. கதவும் யன்னலும் பூட்டியாயிற்று. இப்போது கையில் இருக்கும் காசு குறைவு, செய்யவேண்டிய வேலையோ இன்னும் இருக்கிறது. இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் எங்களிடம் கேட்கின்றன: "கதவுக்கு என்ன நிறம் அடிக்கலாம்?"

கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் பல வருடம் கூடாரத்திலும் தகரக் கொட்டிலிலும் உறவினர் வீட்டு விறாந்தையிலும் இருந்துவிட்டு வந்த ஒருவருக்கு, தன் வீட்டுக் கதவின் நிறத்தைத் தானே தெரிவு செய்வது சிறிய விடயம் அல்ல. வீட்டுத்திட்டத்தில் வீட்டின் அளவும் அமைப்பும் பெரும்பாலும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டவை. கதவின் நிறம் உங்களுடையது. ஆகவே அதை ஆறுதலாக யோசித்துத் தெரிவு செய்யுங்கள்.

அதேவேளை, பெயின்ற் என்பது அழகுக்கு மட்டும் பூசும் பொருள் அல்ல. மழை, வெயில், உப்புக்காற்று ஆகியவற்றிடமிருந்து மரத்தைக் காக்கும் தோல் அது. நல்ல நிறத்தைத் தவறான முறையில் அடித்தால் இரண்டு மாரிக்குள் உரிந்துவிடும். சாதாரண நிறத்தைச் சரியான முறையில் அடித்தால் கதவு உங்கள் பிள்ளைகள் காலம்வரை நிற்கும். இந்தப் பாடம் இரண்டையும் பற்றியது.

முதலில் ஒரு வார்த்தை

மலசலகூடம், கிணறு, கூரை ஆகிய வேலைகள் முடியாமல் இருந்தால் பெயின்ற் வேலையைப் பிற்போடுங்கள். பெயின்றுக்காகக் கடன் வாங்கவேண்டாம். முழு வீட்டையும் ஒரேயடியாக அடிக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எந்த இடத்தை முதலில் அடிப்பது என்று தெரிந்தால், கொஞ்சக் காசோடும் வீட்டைக் காப்பாற்றலாம். அந்த ஒழுங்கைப் பின்னால் தந்திருக்கிறோம்.

நிறத்துக்கு முன் மரத்தைப் பாருங்கள்

வடக்குக் கிழக்கில் வீட்டுக்குப் பாவிக்கும் மரங்கள் எல்லாம் ஒரே தன்மை உடையவை அல்ல. முதிரை, பாலை, தேக்கு ஆகியவை இறுக்கமான, நெடுங்காலம் நிற்கும் மரங்கள். வேம்பும் பலாவும் நடுத்தரமானவை. நல்ல வயதான பனையின் வெளிப்புறம் மிகவும் உறுதியானது, உட்சோறு மென்மையானது. மலிவான மென்மரங்கள் ஈரத்தை விரைவாக உறிஞ்சும், கறையானும் விரும்பும். அவற்றுக்குத்தான் பெயின்றின் காவல் அதிகம் தேவை.

எந்த மரமானாலும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரத்துக்குப் பெயின்ற் அடித்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழி தேடும். முதலில் கொப்புளம் வரும், பிறகு பெயின்ற் பாளம் பாளமாக உரியும். மரம் சுருங்குவதால் பலகைகளுக்கு இடையில் வெடிப்பும் விழும். கதவு செய்து வந்தவுடன் அடிக்க அவசரப்படாதீர்கள். கையில் எடுக்கும்போது வழமையைவிடப் பாரமாகவும் தொட்டால் குளிர்ச்சியாகவும் இருந்தால், நிழலில், காற்றோட்டமான இடத்தில் இன்னும் சில வாரம் விடுங்கள்.

பழைய மரமும் பழைய பெயின்றும்

உடைந்த பழைய வீட்டிலிருந்து ஒரு கதவையோ நிலையையோ மீட்டெடுத்துப் பாவிக்க விரும்புவீர்கள். நல்லதுதான். அந்த முதிரை நிலையைப் போன்ற மரம் இன்று வாங்கக் கிடைப்பது கடினம். ஆனால் பின்வரும் விடயங்களில் கவனம் தேவை.

கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்படாத காணிக்குள், அது உங்கள் சொந்தக் காணியானாலும், மரம் எடுக்கப் போகவேண்டாம். இடிபாட்டுக்குள் சந்தேகமான பொருள் எதையாவது கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

போர் நடந்த இடங்களில் நின்ற மரங்களுக்குள்ளும் பழைய கதவுகளுக்குள்ளும் செல் துண்டுகளும் சன்னங்களும் புதைந்திருக்கலாம். சீவுவதற்கும் அரிவதற்கும் முன் தச்சருக்கு இதைச் சொல்லுங்கள். வாள் உடைந்தால் ஆளுக்கும் காயம் வரும்.

மூன்றாவது விடயம் பலருக்குத் தெரியாதது. பழைய காலத்து எனாமல் பெயின்றுகளில் ஈயம் கலந்திருக்கலாம். இலங்கையில் பெயின்றில் ஈயத்தின் அளவுக்குச் சட்டப்படியான வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013இல்தான். அதற்கு முன் அடித்த பெயின்றை ஈயம் உள்ளதாகவே எண்ணி நடந்துகொள்ளுங்கள். ஈயத் தூசு உடலுக்குள் போனால் சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் அது கூடாது.

ஆகவே பழைய கதவைச் சுரண்டும்போது:

1. சிறுபிள்ளைகளும் கர்ப்பிணிப் பெண்களும் அருகில் இருக்கக்கூடாது.
2. காய்ந்தபடி தேய்க்காமல், தண்ணீர் தெளித்து, நனைத்துத் தேய்க்கும் அரத்தாளால் தேயுங்கள். தூசு பறக்காது.
3. கீழே பொலித்தீன் விரித்து, விழும் துகளை எல்லாம் சேர்த்து, பையில் கட்டிப் பிரதேச சபையின் குப்பை சேகரிப்புக்குக் கொடுங்கள். தோட்டத்திலோ கிணற்றடியிலோ கொட்டவேண்டாம்.
4. வேலை முடிந்ததும் கை முகம் கழுவி, உடுப்பை வேறாகத் தோயுங்கள்.
5. பெயின்ற் அடித்த பழைய பலகையை ஒருபோதும் அடுப்பில் எரிக்கவேண்டாம். அந்தப் புகையும் சாம்பலும் சமையலறைக்குள்ளேயே தங்கும்.

பழைய பெயின்ற் உரியாமல் உறுதியாக ஒட்டி இருந்தால் அதை முழுவதும் சுரண்டவேண்டியதும் இல்லை. மினுமினுப்புப் போக ஈரத்தோடு இலேசாகத் தேய்த்து, அதன் மேலேயே அடிக்கலாம்.

கழிவு எஞ்சின் ஒயில்

கறையானுக்கென்று பழைய எஞ்சின் ஒயிலை மரத்துக்குப் பூசும் வழக்கம் எங்கும் உண்டு. அதன் மேல் பெயின்றோ மரச்சாயமோ ஒட்டாது. அது தோலுக்கும் கூடாது. கை படும் கதவு, யன்னல், தூண் ஆகியவற்றுக்கு அதைப் பூசவேண்டாம். கறையான் மருந்து வேண்டுமானால் கடையில் மரத்துக்கென்று விற்கும் மருந்தை வாங்கி, ரின்னில் எழுதியுள்ள முறைப்படி பூசி, நன்றாகக் காய்ந்தபின் பெயின்ற் அடியுங்கள்.

பெயின்றா, மரச்சாயமா?

பெயின்ற், அதாவது எனாமல், மரத்தின் மேல் ஒரு படலமாக நிற்கும். மரத்தின் ரேகை தெரியாது. கலப்பு மரம், ஒட்டுப்போட்ட பலகை, புட்டி வைத்த ஓட்டை எல்லாவற்றையும் மறைக்கும். ஒழுங்காகப் பிறைமர் அடித்து இரண்டு பூச்சுப் பூசினால் பெரும்பாலும் நாலைந்து வருடம் நிற்கும். ஆனால் உரியத் தொடங்கினால் சுரண்டித்தான் திரும்ப அடிக்கவேண்டும்.

மரச்சாயம் மரத்துக்குள் ஊறும். கடையில் 'வூட் ஸ்ரெயின்' என்று கேளுங்கள். மரத்தின் ரேகை அழகாகத் தெரியும். அது பாளமாக உரியாது, மெல்ல மெல்ல மங்கும். மங்கியபோது துடைத்து, இலேசாகத் தேய்த்து, மேலே இன்னொரு பூச்சுப் பூசினால் போதும். ஆனால் வெயிலும் மழையும் நேரே படும் இடத்தில் ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதைச் செய்யவேண்டும்.

எனவே பொதுவாக இப்படிச் சொல்லலாம்: நல்ல முதிரை, தேக்கு, பலா என்றால், அதுவும் விறாந்தைக்குள் நிழலில் நிற்கும் முன்கதவு என்றால், மரச்சாயம் பொருத்தம். மலிவு மரம், கலப்பு மரம், வெயில் மழையில் நிற்கும் பின்கதவு, தாவாரத்து ஓரப்பலகை என்றால் பெயின்ற் பொருத்தம்.

மரச்சாயம் பூசமுன் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். மரத்தில் ஒரு துளி தண்ணீர் விடுங்கள். ஊறினால் சாயமும் ஊறும். முத்தாக நின்றால் பழைய வார்னிஸோ எண்ணெயோ இருக்கிறது, தேய்த்து எடுக்கவேண்டும். நிறமில்லாத வார்னிஸை மட்டும் வெளிக்கதவுக்குப் பூசவேண்டாம். வெயில் அதை ஊடுருவிப் போய் மரத்தைச் சாம்பல் நிறமாக்கும், வார்னிஸும் செதிலாக உரியும். நிறமுள்ள சாயம்தான் வெயிலைத் தடுக்கும். மிக இளம் நிறத்தைவிட நடுத்தரக் கபில நிறம் கூடுதல் காலம் நிற்கும்.

நிறத்தைத் தெரிவு செய்தல்

கடையில் நிறத் தாளைக் காட்டுவார்கள். அதில் ஒரு விரலளவு பார்க்கும் நிறம் கதவளவில் இன்னும் பளிச்சென்று தெரியும். மனதுக்குப் பிடித்த நிறத்தைவிட ஒரு படி மங்கலானதை எடுத்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். பின்வருவனவற்றையும் யோசியுங்கள்.

*வெயில்.* மேற்குப் பார்த்த கதவு பின்னேர வெயிலை முழுதாக வாங்கும். கடும் கபிலம், கறுப்பு, கடும் பச்சை போன்ற நிறங்கள் சூட்டை இழுக்கும். மரம் விரிந்து சுருங்கி வெடிக்கும். மேற்குப் பக்கத்துக்கு நடுத்தர நிறமோ இளம் நிறமோ நல்லது.

*மங்கும் நிறங்கள்.* பளிச்சென்ற சிவப்பும் பளிச்சென்ற மஞ்சளும் வெயிலில் விரைவில் வெளிறும். செங்கல் நிறம், காவி, கபிலம் ஆகியவை இரும்பு ஒக்சைட்டால் கிடைக்கும் நிறங்கள். செம்மண்ணுக்கு நிறம் தருவதும் அதே பொருள்தான். அவை எளிதில் வெளிறுவதில்லை.

*மண்.* செம்மண் ஊர்களில் மாரி மழை தெறித்துக் கதவின் அடியில் ஒரு முழம்வரை சிவப்பாக்கும். சோளகம் வீசும்போது புழுதியும் படியும். அங்கே வெள்ளைக் கதவு வருடம் முழுவதும் கழுவும் வேலையைத் தரும். கபிலம், செங்கல் நிறம், மங்கல் பச்சை ஆகியவை புழுதியைக் காட்டிக்கொடுக்கா.

*புகை.* விறகடுப்பு உள்ள குசினிப் பக்கத்தில் வெள்ளை எனாமல் மஞ்சளாகும். புகை இல்லாவிட்டாலும் வெளிச்சம் குறைந்த இடத்தில் எண்ணெய்ப் பெயின்றின் வெள்ளை நாளடைவில் மஞ்சள் பிடிக்கும்.

*வயதானவர்கள்.* வீட்டில் பார்வை குறைந்த அம்மம்மாவோ தாத்தாவோ இருந்தால், சுவரின் நிறத்திலிருந்து நன்றாக வேறுபட்ட நிறத்தை நிலைக்கு அடியுங்கள். வாசற்படியின் விளிம்பிலும் ஒரு கோடு அடித்துவிடுங்கள். இரவில் தடுக்கி விழுவது குறையும்.

*எத்தனை நிறம்?* கதவு, யன்னல், ஓரப்பலகை எல்லாவற்றுக்கும் ஒரே நிறம் என்றால் பெரிய ரின்னாக வாங்கலாம், மிச்சம் வீணாகாது. இரண்டாவது நிறம் வேண்டுமென்றால் முன்கதவுக்கு மட்டும் வையுங்கள். ஒரு சிறிய ரின் போதும். கம்பனியில் ஆயத்தமாக வரும் நிறம் எந்த ஊர்க் கடையிலும் திரும்பக் கிடைக்கும். கடையில் கலந்து தரும் நிறம் என்றால், ரின் மூடியில் உள்ள இலக்கத்தை எழுதிக் காணி உறுதியோடு வையுங்கள். பின்னர் திருத்த வேலைக்கு அதே நிறம் தேவைப்படும்.

*நினைவு.* சில குடும்பங்கள் பழைய வீட்டில் இருந்த அதே பச்சையையோ நீலத்தையோ தேடுகின்றன. சிலர் அந்த நிறமே வேண்டாம் என்கிறார்கள். இரண்டும் சரிதான். வீட்டில் எல்லோரையும், சின்னப்பிள்ளைகளையும் சேர்த்து, கேட்டுத் தீர்மானியுங்கள். முகாமில் பிறந்த பிள்ளைக்கு இதுதான் முதல் வீட்டுக் கதவு.

எவ்வளவு வாங்கவேண்டும்?

ஒரு லீற்றர் எனாமல் ஒரு பூச்சுக்கு ஏறத்தாழ 100 சதுர அடிக்குக் காணும். ஒரு சிறிய வீட்டை எடுத்துக்கொள்வோம்.

7 அடி உயரமும் 3 அடி அகலமும் உள்ள கதவின் இரண்டு பக்கமும் 42 சதுர அடி. நிலையோடு சேர்த்து 50 என்று வைப்போம். மூன்று கதவுக்கு 150.
4 அடிக்கு 4 அடி பலகை யன்னல் இரண்டு பக்கமும் 32. நிலையோடு 40. ஐந்து யன்னலுக்கு 200.
தாவாரத்து ஓரப்பலகை 60 அடி நீளம், இரண்டு பக்கமும் விளிம்பும் சேர்த்து ஏறத்தாழ 90.

மொத்தம் 440 சதுர அடி. ஒரு பூச்சுக்கு ஏறத்தாழ நாலரை லீற்றர். பிறைமர் ஒரு பூச்சு, எனாமல் இரண்டு பூச்சு என்றால் நாலரை லீற்றர் பிறைமரும் ஒன்பது லீற்றர் எனாமலும் தேவை. புதிய மரம் பிறைமரைக் கூடுதலாக உறிஞ்சும். உங்கள் வீட்டு அளவை இதேபோலக் கணக்கிட்டுவிட்டு, இரண்டு மூன்று கடைகளில் விலை கேளுங்கள்.

காசு போதாவிட்டால் இந்த ஒழுங்கில் அடியுங்கள்:

1. வெளிக்கதவுகளின் வெளிப்பக்கமும், மேல் கீழ் விளிம்புகளும்.
2. யன்னல்களின் வெளிப்பக்கம், முக்கியமாகத் தண்ணீர் தங்கும் கீழ்ச்சட்டம்.
3. தாவாரத்து ஓரப்பலகை.
4. இரும்புக் கிறில், கேற்.
5. உட்பக்கங்கள் கடைசியாக.

கதவின் கீழ் விளிம்பை யாரும் பார்ப்பதில்லை, ஆகவே யாரும் அடிப்பதில்லை. ஆனால் மரம் தண்ணீரை உறிஞ்சுவது வெட்டுமுனை வழியாகத்தான். கதவு உக்கத் தொடங்குவதும் அங்கேதான். கதவைப் பிணைச்சலில் மாட்டமுன் கீழ் விளிம்புக்கு இரண்டு பூச்சு அடித்துவிடுங்கள்.

எப்போது, எப்படி அடிப்பது?

ஐப்பசி தொடக்கம் மார்கழிவரையான மாரியில் வெளிவேலை செய்யவேண்டாம். மழை ஓய்ந்து, தை கழிந்து, மரம் காய்ந்தபின் தொடங்குங்கள். புழுதி பறக்கும் நாட்களில், காற்று எழும்பமுன் காலையில் அடியுங்கள். ஆனால் பனி காயட்டும். வெயில் நேரே படும் பக்கத்தை அந்த வேளையில் அடிக்காமல், நிழல் வந்தபின் அடியுங்கள்.

ஒழுங்கு இதுதான்: தேய்த்தல், தூசு துடைத்தல், பிறைமர், ஆணித் துவாரங்களுக்குப் புட்டி, மீண்டும் இலேசாகத் தேய்த்தல், முதற் பூச்சு, ஒரு நாள் காயவிடுதல், இரண்டாம் பூச்சு. பிறைமருக்குக் காசு இல்லையென்று அதை விட்டுவிட்டு மூன்று பூச்சு எனாமல் அடிப்பது நட்டம். மரத்தில் பிடிப்பது பிறைமர்தான்.

கடற்கரை ஊர்களில் மரத்திலும் இரும்பிலும் உப்புப் படிந்திருக்கும். முதலில் நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள். இரும்பின் துருவைக் கம்பிப் பிறஸ்ஸால் தேய்த்து, அன்றைக்கே ரெட் ஒக்சைட் பிறைமர் அடியுங்கள். ஓரிரவு விட்டால் திரும்பத் துரு பிடிக்கும்.

மிச்சமான எனாமலைப் புதிதாகப் பூசிய சீமெந்துச் சுவருக்கு அடிக்கவேண்டாம். பச்சைச் சீமெந்தின் காரம் எண்ணெய்ப் பெயின்றைக் கெடுத்து உரியச் செய்யும்.

பிறஸ் கழுவிய தின்னரைக் கிணற்றுக்கு அருகே ஊற்றவேண்டாம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது விரைவில் கிணற்றுத் தண்ணீருக்குப் போய்ச் சேரும். தின்னரைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்கவும் வேண்டாம், பிள்ளைகள் குடித்துவிடுவார்கள். மரச்சாயமும் எண்ணெயும் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். கிடுகுக் கொட்டிலில் இது பெரிய ஆபத்து. துணியை விரித்துக் காயவிட்டுப் பிறகு அப்புறப்படுத்துங்கள்.

வேலையாளிடம் கொடுத்தால்

இந்த வேலையை நீங்களே செய்யலாம். தனித்துக் குடும்பம் நடத்தும் பெண்கள் பலர் தாங்களே செய்கிறார்கள். ஆளிடம் கொடுப்பதானால் பொருளை நீங்கள் வாங்குங்கள், பற்றுச்சீட்டை வீட்டுத்திட்டக் கோவையில் வையுங்கள். எத்தனை பூச்சு என்று முன்கூட்டியே பேசுங்கள். தின்னர் அதிகம் கலந்தால் பெயின்ற் பெருகும், ஆனால் நிற்காது. ரின்னில் எழுதிய அளவுக்கு மேல் கலக்கவிடாதீர்கள். கூலியின் ஒரு பகுதியை இரண்டாம் பூச்சுக் காய்ந்தபின் கொடுங்கள்.

நினைவில் வைத்திருக்க

காய்ந்த மரம். ஈரத்தோடு தேய்த்தல். பிறைமர். கீழ் விளிம்பு. இந்த நான்கும் சரியானால் எந்த நிறமும் நிற்கும்.

ஒவ்வொரு வருடமும் மாரிக்கு முன், புரட்டாதியில், வீட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். வெடிப்போ கொப்புளமோ கண்டால், மிச்சம் வைத்த சிறிய ரின்னை எடுத்து அந்த இடத்தை மட்டும் தேய்த்து அடியுங்கள். அரை நாள் வேலை அது. இடம்பெயர்ந்த காலத்தில் இப்படிச் சுற்றிப் பார்க்க ஒரு வீடு இருக்கவில்லை. இப்போது இருக்கிறது.